எல்.ஐ.சி. வந்தா சொல்லுங்க

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'சென்னையின் அலுவலகக் கட்டடங்களில் மக்கள் மனதில் நிற்பது அண்ணா சாலை எல்.ஐ.சி.யா, ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஐ.டி. வளாகங்களா?' என்பது தலைப்பு. நான் எல்.ஐ.சி. பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா, "எல்.ஐ.சி.யின் 177 அடியெல்லாம் ஒரு உயரமா? குடியிருக்கும் அடுக்குமாடிகளே அதைத் தாண்டிவிட்டன" என்றார்கள். சரி, தாண்டட்டும். ஆனால் 1953-ல் வேலை தொடங்கியபோது மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, எப்படி இருந்தது? செங்கல், சுண்ணாம்பு, வளைவு, குவிமாடம். 1897-ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் அந்தக் காலத்து அழகு. சுவரே பாரம் தாங்கும் முறையில் மாடி ஏற ஏறக் கீழ்ச்சுவர் தடித்துக்கொண்டே போகும், ஓர் அளவுக்கு மேல் உயர முடியாது. அந்தப் பாரத்தைச் சுவரிடமிருந்து வாங்கிக் கான்கிரீட் தூண்களிடம் கொடுத்துத்தான் எல்.ஐ.சி. கட்டடம் மேலே போனது. திறந்தபோது இந்தியாவிலேயே உயரமானது அதுதான்.

இதைக் கனவு கண்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர். தன் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக லண்டனைச் சேர்ந்த பிரவுன், மவுலின் இருவரையும் வரைபடம் போட வைத்தார். 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அப்போது கட்டடம் முடிந்திருக்கவில்லை. 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. பிறந்தது, கட்டடமும் அதன் கைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே வேலையை முடித்துக்கொடுத்தார். 1959 ஆகஸ்ட் 23-ல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். கனவு கண்டவர் அன்றைக்கு அங்கே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. 1975-ல் பெரிய தீ விபத்து. அதிலிருந்தும் மீண்டு நிற்கிறது.

என் அப்பா அறந்தாங்கிக்காரர். முதன்முதலாகப் பட்டணம் வந்தபோது எதிர் நடைபாதையில் நின்று விரல் நீட்டி மாடிகளை எண்ணினாராம். எட்டோ ஒன்பதோ எண்ணும்போது தலைத்துண்டு பின்னால் விழுந்துவிட்டது. எடுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். அப்புறம் சாலையைக் கடந்து உள்ளேயே போய்விட்டார். பையில் நாலாக மடித்த பிரீமியம் ரசீது இருந்தது. 'நம்ம பணமும் இதுல இருக்குல்ல' என்று ஊரில் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்.

ஓ.எம்.ஆர். வேலை கொடுத்ததே என்கிறார்கள். கொடுத்தது, மறுக்கவே மாட்டேன். என் மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள், எங்கள் வீட்டுக் கடன் அந்தச் சம்பளத்தில்தான் அடைகிறது. ஒருநாள் அவள் மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோனேன். அட்டை இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. அவள் இறங்கி வரும்வரை சித்திரை வெயிலில் நின்றேன். எதிரே முழுக்கக் கண்ணாடிச் சுவர், அதில் பட்ட வெயிலும் என் முகத்தில்தான் அடித்தது. நம் ஊர் வெயிலுக்குக் கண்ணாடியில் சுவர் வைத்தால், ஏசி நின்ற அரை மணியில் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள் நடுவர் அவர்களே!

2019-ல் அண்ணா சாலைக்கு அடியில் இந்தப் பக்கம் வரை மெட்ரோ வந்தபோது அங்கே ஒரு நிலையத்துக்கு எல்.ஐ.சி. என்றே பெயர் வைத்தார்கள். ஓ.எம்.ஆரில் உள்ள ஐ.டி. வளாகமான டைடல் பார்க் பெயரிலும் நிறுத்தம் உண்டே என்பார்கள். உண்டு. அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர், மடியில் பையோடு, கண்டக்டரிடம் நாலு தடவை "எல்.ஐ.சி. வந்தா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே வருகிறாரே, அவருக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு வேலையும் இருக்காது. அதைப் பார்த்துவிட்டால் மற்ற இடத்துக்கு வழி தெரிந்துவிடும் அவருக்கு.

நன்றி, வணக்கம்.