வெள்ளைத்தடிப் படை: சின் லியாங்யூ போரிட்ட விதம்

[திரையில்: தென்மேற்குச் சீன வரைபடம். ஷிஜூ மட்டும் ஒளிர்கிறது]

சீனப் போர்ப்பெண் என்றால் உடனே முலான் பெயரைச் சொல்வோம். முலான் ஒரு பழைய சீனப் பாடலில் வரும் பாத்திரம். சின் லியாங்யூ (1574–1648) அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசின் ஆவணங்களில் இருக்கும் நிஜத் தளபதி.

ஒரு பெண்ணிடம் படை எப்படி வந்தது? இன்றைய சோங்சிங் பகுதியிலுள்ள ஷிஜூவில் ஆட்சிப் பதவி பரம்பரையாக வந்தது. படையும் அந்தக் குடும்பத்துடையது. 1613-இல் கணவர் மா சியான்செங் சிறையில் இறந்தார். மகன் சிறுவன். பொறுப்பு இவர் கைக்கு வந்தது. பேரரசின் நேரடிப் படையில் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

[நெருக்கக் காட்சி: ஈட்டி]

கம்பைப் பாருங்கள். சாயம் பூசாத வெளிர் மரம். படைக்கே அதனால்தான் ‘வெள்ளைத்தடி’ என்று பெயர். முனையில் கத்தியோடு ஒரு கொக்கி, அடியில் இரும்பு வளையம். கொக்கி எதிரியை இழுத்து வீழ்த்தும், வளையம் சுத்தியல்போல அடிக்கும். செங்குத்துப் பாறையில் ஏறும்போது ஒருவரின் கொக்கியை அடுத்தவரின் வளையத்தில் மாட்டினால் ஈட்டிகளே ஏணியாகிவிடும்.

1599-இல், மிங் அரசுக்கு எதிராகக் கலகம் செய்த போஜோ பகுதித் தலைவன் யாங் யிங்லோங்கை அடக்கக் கணவர் 3,000 பேருடன் புறப்பட்டார். லியாங்யூ தனியாக 500 பேரை நடத்தினார், சோற்றுக்கான தானியத்தையும் அவர்களே சுமந்தார்கள். மறு ஆண்டு சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், அரசுப் படை விருந்தில் இருந்த இரவு, எதிரி பாய்ந்தான். முதலில் திருப்பி அடித்தது இந்தத் தம்பதிதான்; துரத்திப் போய் ஏழு கோட்டைகளைப் பிடித்தார்கள்.

[திரையில்: ஹுன் ஆறு, 1621]

மலைக்குச் செய்த ஆயுதம் சமவெளியில் எவ்வளவு தாங்கும்? வடகிழக்குச் சீனாவின் ஷென்யாங் அருகே ஆற்றைக் கடந்த ஷிஜூ வீரர்கள், மிங் அரசோடு போரிட்டு வந்த மஞ்சூக்களின் குதிரைப்படையை முதலில் தடுத்து நிறுத்தினார்கள். பக்கத்திலிருந்த மற்ற மிங் படைகள் உதவிக்கு வரவில்லை. சகோதரர் சின் பாங்பிங் அங்கேயே வீழ்ந்தார். லியாங்யூ தப்பியவர்களுக்கு 1,500 குளிராடைகள் தைக்கச் செய்து, 3,000 பேருடன் தானே வடக்கே கிளம்பினார். தென்மேற்கு வீரனுக்கு அந்த வடக்குக் குளிரும் ஒரு எதிரிதானே.

முதுமையில் இவரைத் தோற்க வைத்தது ஆள் பற்றாக்குறை. ஷிஜூ இருந்த சிச்சுவான் மாகாணத்துக்குள் நுழையும் கணவாய்களுக்குக் காவல் போடுங்கள் என்று வரைபடத்தோடு கேட்டார். மாகாண அதிகாரிகள் படை தரவில்லை. 1644-இல் கிளர்ச்சித் தலைவன் ஜாங் சியான்ஜோங் உள்ளே வந்து, சிற்றரசர்களைத் தன் பக்கம் இழுக்க எல்லோருக்கும் ஆள் அனுப்பினான். ஷிஜூவுக்கு மட்டும் வர எவனும் துணியவில்லை.