உதகையில் கருக்கொண்ட சபைக்கு 150: கொண்டாட்டமும் புறப்பாடும்

அன்பு நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் நீலகிரி மலையில் கருக்கொண்ட ஒரு பெண் துறவியர் சபைக்கு, 2027 ஜனவரி 6-ஆம் நாளோடு 150 ஆண்டுகள் நிறைவுபெறுகின்றன. மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர்கள் என்பது அச்சபையின் முழுப்பெயர் என்றாலும், அவர்களுடைய பள்ளிகளில் படித்தவர்களும் மருத்துவமனைகளில் பிறந்தவர்களும் எஃப்.எம்.எம். சிஸ்டர்கள் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் பணியாற்றும் இச்சபை தன் யூபிலியை, அதாவது இந்த 150-ஆம் ஆண்டு விழாவை, எந்த மனநிலையோடு கொண்டாட வேண்டும் என்பதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் வரலாறு. பிரான்சின் நாந்த் நகரில் 1839-இல் பிறந்த எலேன் தெ ஷப்போத்தான் என்ற பெண், 1864-இல் ரெபராத்ரிக்ஸ் என்ற பெண் துறவியர் சபையில் சேர்ந்து, பாடுகளின் மரியா என்ற துறவறப் பெயரைப் பெற்றார். மறு ஆண்டே, நவசந்நியாசம் எனப்படும் துறவறப் பயிற்சிக் காலம் முடிவதற்கு முன்னரே, அவரை மதுரை மறைப்பணித்தளத்திற்கு அனுப்பிவைத்தார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒரு துறவற சபையை உருவாக்கிப் பயிற்றுவிப்பது அங்கிருந்த சகோதரிகளின் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. 1866 மே மாதத்தில் வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்த அவர், 1867 ஜூலையில், 28 வயதிலேயே, ரெபராத்ரிக்ஸ் சபையின் மூன்று மடங்களுக்கும் பொறுப்பான மாநிலத் தலைவியானார். 1874-இல் உதகமண்டலத்தில் ஒரு புதிய மடமும் தொடங்கப்பட்டது.

அதன் பிறகு நடந்ததைத்தான் யூபிலி மலர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மதுரையில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த பிணக்குகள் முற்றிப்போய், 1876-இல் அன்னை மரியா என்று அழைக்கப்பட்ட பாடுகளின் மரியா உட்பட ஏறத்தாழ 20 சகோதரிகள் தங்கள் சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. வந்த நாடும் சொந்த நாடல்ல, சேர்ந்த சபையும் இனி இல்லை என்ற நிலையில், அவர்கள் கோயம்புத்தூரின் ஆயர் ஜோசப் பார்துவின் அதிகார எல்லைக்குள் இருந்த உதகை மடத்தில் ஒன்றுகூடினார்கள். அந்த நாள்களில் அம்மடத்தில் எத்தகைய கவலை சூழ்ந்திருக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. திருச்சபைச் சட்டத்தின்படி தங்கள் நிலை என்ன என்பதே தெளிவாகாத பெண்கள் அவர்கள். அந்நிலையைச் சீர்செய்வதற்காக 1876 நவம்பரில் ரோமுக்குச் சென்ற அன்னை மரியா, 1877 ஜனவரி 6 அன்று, மூன்று அரசர்கள் பெருவிழா நாளில், திருத்தந்தை ஒன்பதாம் பயஸிடமிருந்து புதிய மறைப்பணி சபையைத் தொடங்குவதற்கான அனுமதியைப் பெற்றார். உலகெங்கும் கொண்டாடப்படும் அந்த நாளுக்குப் பின்னால் மதுரையின் மனக்காயமும் உதகையின் காத்திருப்பும் இருக்கின்றன என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

புதிய சபையின் நவசந்நியாச இல்லம் பிரான்சின் சேன்-பிரியூ நகரில் அமைந்தது. 1882 அக்டோபர் 4 அன்று, அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளில், ரோமின் அராச்சேலி ஆலயத்தில் அன்னை மரியா புனித பிரான்சிஸின் வழியைப் பின்பற்றும் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் ஏற்கப்பட்டார். அடுத்த மார்ச் மாதமே எதிர்ப்பாளர்களின் முறையீடுகளால் அவர் சபைத் தலைவி பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் ஆணைப்படி நடந்த விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று தெளிவாகி, 1884 ஜூலையில் சகோதரிகளே அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1904 நவம்பர் 15 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் அவர் இறந்தபோது 2,000-க்கும் மேற்பட்ட சகோதரிகளும் 86 மடங்களும் இருந்தன. 2002-இல் அவர் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

இச்சபையின் பணி எத்தகையது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இரண்டு இடங்களைச் சொல்வேன். முதலாவது, சீனாவின் தையுவான். 1899-இல் அங்கு சென்று அநாதைக் குழந்தைகளைப் பராமரித்த ஏழு சகோதரிகள், வெளிநாட்டவருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக எழுந்த பாக்ஸர் கலகத்தின்போது 1900 ஜூலை 9 அன்று கொல்லப்பட்டார்கள்; 2000-ஆம் ஆண்டில் அவர்கள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பணித்தளத்திற்கு அஞ்சாமல் வந்தவர்களுள் ஒருவரான இத்தாலியச் சகோதரி மரியா அசுந்தா பல்லோத்தா, அநாதை இல்லத்தின் சமையலறையில் வேலை செய்து, 1905 ஏப்ரலில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். அவரும் இன்று அருளாளர். பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்ட ஒரு சகோதரியைத் திருச்சபை பீடத்திற்கு உயர்த்தியிருப்பது எனக்குப் பெரும் ஆறுதலைத் தருகிறது.

இரண்டாவது, இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டி. ஆண் மருத்துவர்களிடம் செல்ல முடியாத பர்தாப் பெண்களுக்காக, ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரனின் முயற்சியால் அங்கு எழுந்த மருத்துவமனையில், செவிலியப் பணியை இச்சகோதரிகள் ஏற்றார்கள். அன்றைய திருச்சபை விதிகளின்படி கன்னியர் மகப்பேறு மருத்துவம் பார்க்கக் கூடாது. அத்தடை 1936-இல்தான் நீங்கியது. அறைக்குள் ஒரு தாய் பிரசவ வேதனையில் துடிக்க, அருகிலிருந்தும் உதவ அனுமதியில்லாத நிலையைத் தாங்கிக்கொண்டு அவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். பின்னாளில் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையை நிறுவிய மருத்துவர் அன்னா டெங்கல் பணியாற்றியதும் அதே மருத்துவமனையில்தான்.

நம் ஊரில் இவர்கள் செய்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்றே சென்னையில் 32 மாணவிகளோடு தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி ஒன்றே போதும்.

இனி, வருங்காலம். அண்மையில் இச்சபையின் மடம் ஒன்றில் அரைநாள் இருந்து பார்த்தேன். சிற்றாலயத்தின் வாசலில் நற்கருணை ஆராதனைக்கான முறைப்பட்டியல் பென்சிலால் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. பள்ளி விடும் நேரத்தில் பேருந்துகளை அனுப்பிவைக்கும் சகோதரிக்கு அந்த நேரம் ஒத்துவராததால், அவர் பெயர் அழிக்கப்பட்டு, நடக்கச் சிரமப்படும் மூத்த சகோதரி ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. பட்டியலில் அதே மூத்த சகோதரியின் பெயர் பலமுறை வந்தது. ஆராதனையும் பணியும் பிரியக் கூடாது என்பதே இச்சபையின் உயிர்நாடி. ஆனால் அந்தப் பட்டியலை நிரப்பும் இளம் கைகள் குறைந்துவருகின்றன. ஐரோப்பாவில் துறவறத்திற்கு வருவோர் அருகிவிட்டனர், நம் ஊரிலும் முன்புபோல் இல்லை.

இந்த நிலையில், இருக்கும் நிறுவனங்களைக் காப்பாற்றுவதற்கே இருக்கும் சகோதரிகள் அனைவரையும் செலவிடுவது யூபிலித் திட்டமாகிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். துறவியர் அல்லாத, திறமையான பொதுநிலையினர் நடத்தக்கூடிய பள்ளிகளை அவர்களிடம் நம்பி ஒப்படைத்துவிட்டு, யாரும் போகாத இடத்திற்குச் சகோதரிகள் இருவர் மூவராகப் போகட்டும். திருப்பூரிலும் கோவையிலும் வாடகை அறைகளில் வாழும் வட மாநிலத் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகள் பள்ளிப் பக்கம் வராமல் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்துவிடப்பட்ட முதியோர் நம் ஒவ்வொரு ஆலயப் பங்கிலும் இருக்கிறார்கள். ஒடியா பேசத் தெரிந்த ஒரு சகோதரி திருப்பூரின் ஒரு சந்தில் வீடெடுத்துத் தங்கினால், அது உதகையிலிருந்து புறப்பட்டவர்களின் வழியில் நடப்பதே ஆகும். பெரிய கட்டடத்தைவிட இது எளிதென்று நான் சொல்ல வரவில்லை. நிர்வாகமும் வருமானமும் இல்லாத பணிக்குச் சபை செலவழித்தே ஆக வேண்டும், பெற்றோரும் பழைய மாணவிகளும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. யூபிலி வரலாறு எழுதப்படும்போது பிரெஞ்சு அன்னையரின் பெயர்கள் நிச்சயம் இடம்பெறும். அவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள், மடத்துச் சமையலறையில் ஆயுளைக் கழித்தவர்கள், முதல் தலைமுறைத் தமிழாசிரியைகள், விடுதி ஆயாக்கள் ஆகியோரும் அதில் பெயரோடு வர வேண்டும். உங்கள் பாட்டியோ அம்மாவோ இச்சகோதரிகளிடம் படித்திருந்தாலோ வேலை செய்திருந்தாலோ, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, வீட்டில் உள்ள பழைய வகுப்புப் படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதி, ஒரு பிரதியை அருகில் உள்ள மடத்தில் சேர்த்துவிடுங்கள். 80 வயதைக் கடந்தவர்களிடம் இந்த மாதமே பேசிவிடுங்கள்.