டெனிஸ் லா: விஞ்சி நிற்பது சாதனையே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர் டெனிஸ் லாவின் ஆட்ட வாழ்க்கையில் விஞ்சி நிற்பது சாதனையா, கைநழுவிய வாய்ப்பா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று நிகழ்ச்சிகளை அடுக்கினார். 1961இல் ஒரே ஆட்டத்தில் லா அடித்த ஆறு கோல்களும் மழையால் கணக்கில் சேராமல் போயின. 1968இல் கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் தம் அணியான மான்செஸ்டர் யுனைடெட் வென்றபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். 1974இல் தாம் பதினோராண்டு ஆடிய அதே கழகத்துக்கு எதிராகவே குதிகாலால் கோல் அடித்துவிட்டு, மனம் கசந்து லீக் ஆட்டங்களிலிருந்து விடைபெற்றார். மூன்றையும் அவர் உருக்கமாகவே சொன்னார். அவையில் சிலர் உச்சுக்கொட்டியதும் என் காதில் விழுந்தது. ஆனால் நடுவர் அவர்களே, பேரேட்டின் பற்றுப் பக்கத்தை மட்டும் உரக்கப் படித்துவிட்டு, வரவுப் பக்கத்தைத் திறக்காமலே மூடிவைத்த கணக்குப்பிள்ளையைப் போல அவர் போய் அமர்ந்துவிட்டார். அந்தப் பக்கத்தைத் திறக்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

டெனிஸ் லா 1940 பிப்ரவரி 24 அன்று அபர்டீன் நகரில், கடலுக்குப் போய் மீன்பிடித்து வந்த ஒருவரின் ஏழு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். மெலிந்த உடல், மாறுகண், மூக்குக்கண்ணாடி என்ற கோலத்தில் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் கழகத்துக்கு வந்த அந்தச் சிறுவனைப் பார்த்து, இவன் ஒருநாள் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரன் ஆவான் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பில் ஷாங்க்லி பயிற்றுவித்த அந்த அணியில் 1956 டிசம்பர் 24 அன்று, பதினாறு வயதில், முதல் லீக் ஆட்டத்தில் இறங்கினார். பதினெட்டு வயதில், 1958இல், அப்போது ஸ்காட்லாந்து அணியின் மேலாளராக இருந்த மாட் பஸ்பி அவரை அந்த அணியில் சேர்த்தார். வேல்ஸுக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல் அடித்தார். 1960இல் மான்செஸ்டர் சிட்டி அவரை 55,000 பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு இத்தாலியின் டொரினோ 110,000 பவுண்டு தந்தது. அங்கே அவருக்கு மகிழ்ச்சியில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஒரே பருவத்தில் திரும்பி வந்தார். 1962இல் அவரைப் பெறுவதற்கு மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்த 115,000 பவுண்டைப் போல், அதுவரை பிரிட்டனில் எந்தக் கழகமும் ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுத்ததில்லை. கழகங்கள் இரக்கப்பட்டு இப்படிப் பணம் கொடுப்பதில்லை.

இனி, எதிரணியின் முதல் சான்றுக்கு வருகிறேன். 1961 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்துக் கழகங்களுக்கான எஃப்.ஏ. கோப்பையில் லூட்டன் டவுனுக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டி 6-2 என்று முன்னிலையில் இருந்தபோது, திடல் சேறாகிவிட்டதால் 69ஆவது நிமிடத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஆறும் லா அடித்தவை. ஆட்டம் மீண்டும் நடந்தபோது சிட்டி 3-1 என்று தோற்றது. "பாவம், ஆறு கோல் வீணாயிற்று" என்றார் எதிரணித் தலைவர். மறு ஆட்டத்தில் சிட்டி அடித்த அந்த ஒரே கோலை அடித்தவர் யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதுவும் லாதான். எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்களில் அவருடைய கணக்கு 41 கோல்கள். பின்னாளில் அதை முந்திய இயன் ரஷ் 44இல் நின்றார். அழிந்துபோன ஆறையும் சேர்த்திருந்தால் 47 ஆகியிருக்கும் என்று எதிரணி கணக்குப் போடுவது சரிதான். ஆனால் சேர்க்காமலே, நூற்றாண்டுக்கும் மேலான அந்தப் போட்டி வரலாற்றின் பெரும்பெயர்களோடு ஒப்பிட்டுப் பேச வைக்கும் 41ஐ இழப்பின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

யுனைடெட்டில் அவர் செய்ததை நிதானமாகப் பார்ப்போம். முதல் பருவத்தின் முடிவில், 1963 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லெஸ்டர் சிட்டியை 3-1 என்று வென்றபோது முதல் கோல் அவருடையது. அடுத்த பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 46 கோல்கள் அடித்தார். ஒரு பருவத்தில் அந்தக் கழகத்துக்காக வேறு எவரும் அவ்வளவு அடித்ததில்லை; ரூனி வந்தார், ரொனால்டோ வந்தார், அந்த எண் அசையவில்லை. 1964இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற ஒரே ஸ்காட்லாந்துக்காரர் இன்றுவரை அவர்தான். யுனைடெட்டின் சொந்தத் திடலான ஓல்ட் டிராஃபோர்டு வாசலில் லா, பாபி சார்ல்டன், ஜார்ஜ் பெஸ்ட் மூவரும் சிலையாக நிற்கிறார்கள். மூவரும் அந்த விருதைப் பெற்றவர்கள், மூவரில் முதலில் பெற்றவர் லா.

மொத்தக் கணக்கு 404 ஆட்டங்களில் 237 கோல்கள். கழகத்தின் பட்டியலில் அவருக்கு மேலே இருவர்தான் இருக்கிறார்கள்: ரூனி 253, சார்ல்டன் 249. ஆனால் ரூனி ஆடியவை 559 ஆட்டங்கள், சார்ல்டன் ஆடியவை 758. சார்ல்டன் மூன்று ஆட்டத்துக்கு ஒரு கோல் அடித்தார் என்றால், லா ஐந்து ஆட்டத்துக்கு மூன்று கோல் அடித்திருக்கிறார். நாட்டுக்காகவும் இதே கதைதான். ஸ்காட்லாந்துக்கு அதிக கோல் அடித்தவர்கள் என்ற பெருமையை லாவும் கென்னி டால்கிலீஷும் 30 கோல்களோடு பகிர்ந்துகொள்கிறார்கள். டால்கிலீஷுக்கு அதற்கு 102 ஆட்டங்கள் தேவைப்பட்டன, லாவுக்கு 55 போதுமானதாக இருந்தது. அந்த முப்பதில் ஒன்று, 1967 ஏப்ரலில், உலகக் கோப்பையை வென்றபின் எவரிடமும் தோற்காதிருந்த இங்கிலாந்தை அதன் வெம்ப்ளி திடலிலேயே 3-2 என்று ஸ்காட்லாந்து வீழ்த்திய ஆட்டத்தின் முதல் கோல்.

மூன்றாவது சான்றை இப்போதே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் எதிரணி அதிகமாகக் கண்ணீர் வடித்தது. 1974 ஏப்ரல் 27 அன்று, மீண்டும் சிட்டிக்காக ஆடிய லா, ஓல்ட் டிராஃபோர்டில் ஆட்டம் முடியும் தறுவாயில், கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தைக் குதிகாலால் தட்டி வலைக்குள் அனுப்பினார். கொண்டாடவில்லை, தலை குனிந்து வெளியேறினார். "தம் கழகத்தைத் தாமே இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிய துயரம்" என்றார் எதிரணித் தலைவர். அன்று பர்மிங்காம் சிட்டி நார்விச்சை வென்றுவிட்டதால், லா கோல் அடித்திருந்தாலும் அடிக்காவிட்டாலும் யுனைடெட் கீழ்ப்பிரிவுக்குப் போயிருக்கும் என்பதே உண்மை. எஞ்சுவது, முப்பத்து நான்கு வயதில், திரும்பிப் பார்க்காமலே கோலின் இடத்தை அறிந்திருந்த ஒரு காலின் திறமை. அந்தக் கோடையில் அவர் உலகக் கோப்பைக்கும் போனார். அங்கே ஸயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அணிக்கு எதிராக ஒரே ஆட்டம்தான் ஆடினார் என்பது குறைதான். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

கடைசியாக 1968. வெம்ப்ளியில் பென்ஃபிகாவை யுனைடெட் 4-1 என்று வென்ற இரவில் லா முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் இருந்தார், அவர் இல்லாமலே அணி வென்றது, ஆகவே அவருடைய பெருமை அன்றோடு கரைந்தது என்பது எதிரணியின் வாதம். நடுவர் அவர்களே, அந்தக் காலத்தில் ஐரோப்பியக் கோப்பைக்குள் நுழைய ஒரு நாட்டின் லீக் பட்டத்தை வென்றிருக்க வேண்டும். முந்தைய ஆண்டின் கோப்பை வெற்றியாளருக்கு மட்டுமே அதில் விலக்கு. 1966-67 பருவத்தில் 23 கோல்கள் அடித்து அந்தப் பட்டத்தை யுனைடெட்டுக்குப் பெற்றுத் தந்தவர்களில் முதல்வர் லா. அந்தக் கோப்பையின் முதல் சுற்றில், மால்டாவின் ஹைபர்னியன்ஸ் அணிக்கு எதிராக இரண்டு கோல்கள் அவருடையவை. அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான முதல் ஆட்டத்திலும் வலிக்கும் முழங்காலோடு ஆடினார். கதவைத் திறந்தவர் விருந்துக்கு வர இயலவில்லை என்பதற்காக, அவர் திறந்ததே இல்லை என்று சொல்ல முடியுமா?

எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். முழங்கால் அறுவையோடு முடிந்துபோனதாக நீங்கள் சொல்லும் அந்த மனிதர், அதற்கு அடுத்த பருவத்திலேயே, 1968-69 ஐரோப்பியக் கோப்பையில், வாட்டர்ஃபோர்டுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களில் ஏழும், ஆண்டர்லெக்ட்டுக்கு எதிராக இரண்டுமாக ஒன்பது கோல்கள் அடித்து, அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவராக விளங்கினார். இந்த ஒன்பதையும் எந்தப் பக்கத்தில் எழுதப் போகிறீர்கள்? நன்றி, வணக்கம்.