கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்ட எதிரணி அன்பர்களே, இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாத பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்கள் விளையாட்டு அணிகள் மூடப்படக் காரணம், கல்வியில் ஆண்-பெண் பாரபட்சம் கூடாது என்கிற டைட்டில் நைன் சட்டமா, பல்கலைக்கழகங்களின் விருப்பமா? சட்டமே என்கிறது எதிரணி. விருப்பமே என்கிறோம் நாங்கள். எதிரணி அண்ணன் பேசியபோது எனக்கே ஒரு நிமிடம் தொண்டை அடைத்தது. 1993-ல் இல்லினாய் பல்கலைக்கழகம் ஆண்கள் நீச்சல் அணியை மூடியது, பெண்கள் அணியை வைத்துக்கொண்டது, அக்காவுக்குக் குளம் உண்டு, தம்பிக்கு இல்லையா என்று கேட்டார். பையன்கள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள் என்றார். அத்தனையும் உண்மை. அந்தப் பையன்களின் வருத்தத்தைக் கேலி செய்ய நான் இங்கே வரவில்லை. கதவு மூடியது வாஸ்தவம். மூடிய கை யாருடையது என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்தச் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 1972 ஜூன் 23-ஆம் தேதி அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டார். அதன் மைய வாக்கியம் ஆங்கிலத்தில் மொத்தமே 37 சொற்கள். மத்திய அரசின் பணத்தை வாங்கும் கல்வித் திட்டம் எதிலும், ஆண் என்றோ பெண் என்றோ பார்த்து ஒருவரை ஒதுக்கக் கூடாது, பலனை மறுக்கக் கூடாது, பாரபட்சம் காட்டக் கூடாது. அவ்வளவுதான். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. பந்து இல்லை, மட்டை இல்லை, நீச்சல் குளம் இல்லை. ‘ஆண்கள் அணியை மூடு’ என்று எங்கே எழுதியிருக்கிறது என்று எதிரணி பூதக்கண்ணாடி வைத்துத் தேடட்டும், நான் காத்திருக்கிறேன்.

சட்டம் வருவதற்கு முன் நிலைமை என்ன? 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அணிகளில் விளையாடிய பையன்கள் 36 லட்சத்துக்கும் மேல். பெண்கள் 3 லட்சம் கூட இல்லை. பெண்களுக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை என்று அன்றைக்கும் சொன்னார்கள். இன்றைக்கு அதே பள்ளி அணிகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் விளையாடுகிறார்கள். ஆர்வம் என்ன 50 வருடத்தில் வானத்திலிருந்தா குதித்தது?

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். நான்கு வருடம் கழித்து, 1976 மார்ச் 3. யேல் பல்கலைக்கழகத்துப் பெண்கள் துடுப்புப் படகு அணி. ஆற்றில் பயிற்சி. குளிர்காலம். துடுப்பு போட்டால் வியர்வை ஒரு பக்கம், தெறிக்கும் தண்ணீர் இன்னொரு பக்கம், உடுப்பெல்லாம் ஈரம். படகுத்துறையில் ஆண்களுக்கு வெந்நீர்க் குளியலறை இருந்தது. பெண்களுக்கு இல்லை. ஆண்கள் குளித்து, துவட்டி, சாவகாசமாக வரும்வரை இவர்கள் ஈர உடையோடு பேருந்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பேருந்து, பாருங்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், தலைவி கிறிஸ் எர்ன்ஸ்டையும் சேர்த்து 19 பெண்கள் விளையாட்டுத் துறை அலுவலகத்துக்குள் போனார்கள். மேலுடையைக் கழற்றினார்கள். மார்பிலும் முதுகிலும் ‘டைட்டில் நைன்’ என்று நீல மையால் எழுதியிருந்தது. எர்ன்ஸ்ட் நின்று அறிக்கை வாசித்தார். பத்திரிகையில் படம் வந்தது, நாடே பார்த்தது. அதன் பிறகுதான் அந்தப் படகுத்துறையில் பெண்களுக்கென்று இடம் கட்டினார்கள்.

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், அந்த நான்கு வருடமும் சட்டம் புத்தகத்தில் இருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. சட்டம் தானாக ஒரு ஆணியைக்கூட அடிக்காது, பிடுங்கவும் செய்யாது. அடிப்பதும் பிடுங்குவதும் பல்கலைக்கழகம்தான்.

சரி, சட்டத்தில் இல்லாவிட்டாலும் விதிகளில் இருக்கிறது, மாணவிகளின் விகிதத்துக்கு ஏற்ப இடம் கொடு என்று கழுத்தை நெரிக்கிறார்கள் என்று எதிரணி சொல்லும். 1979-ல் அரசு கொடுத்த விளக்கம் அது. ஆனால் அதில் மூன்று வழி இருக்கிறது. மாணவர்களில் பெண்கள் எவ்வளவோ, அணிகளில் கிடைக்கும் இடத்திலும் ஏறக்குறைய அவ்வளவு கொடு. முடியாதா, பெண்களுக்கான வாய்ப்பைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வருகிறாய் என்று காட்டு. அதுவும் முடியாதா, இருக்கிற பெண்களின் ஆர்வத்துக்கும் திறமைக்கும் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறாய் என்று காட்டு. மூன்றில் ஒன்று போதும். எதிரணி மூன்று கதவில் ஒரு கதவை மட்டும் காட்டி, வீட்டுக்கு வாசலே ஒன்றுதான் என்கிறது. அதற்கும் மேலே, 2003-ல் கல்வித்துறை எழுத்திலேயே சொன்னது: அணிகளை மூடச் சொல்லி இந்தச் சட்டம் கேட்கவில்லை, மூடுவது விரும்பத்தக்க வழியும் அல்ல. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அப்புறம் கணக்கு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2001-ல் ஒரு அறிக்கை கொடுத்தது. 1981-82 முதல் 1998-99 வரை பெண்கள் அணிகள் 3,784 கூடின. ஆண்கள் அணிகள்? எதிரணியின் கண்ணீரைப் பார்த்தால் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். மொத்தக் கணக்கில் 36 கூடியிருக்கிறது. ஆம், மல்யுத்தத்தில் 171 அணிகள் போயின. அது பெரிய அடி, மறைக்க மாட்டேன். ஆனால் அதே காலத்தில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் 100 அணிகள் போயின. சட்டம் ஆண்களைத்தான் குறிவைத்தது என்றால் அந்த 100 பெண்கள் அணிகளை விழுங்கியது யார்? இன்னொன்று, புதிதாக அணி சேர்த்த கல்லூரிகளில் 72 சதவீதம் எதையும் மூடாமலேயே சேர்த்தன. முடிந்தவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மல்யுத்தப் பயிற்சியாளர்கள் நீதிமன்றம் வரை போய் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். நிற்கவில்லை. அரசின் விதியை நீக்கினாலும் பல்கலைக்கழகங்கள் அணிகளைத் திரும்பக் கொண்டுவரும் என்று என்ன நிச்சயம் என்று கேட்டது மேல்முறையீட்டு நீதிமன்றம். நான் இரண்டு பக்கமாகச் சொல்வதை நீதிபதிகள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகங்கள் எண்ணிக்கையைச் சரிக்கட்டிய விதத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. பெண்கள் கூடைப்பந்து அணிக்கு எதிராகப் பயிற்சியில் ஆட ஆண் மாணவர்களை அழைப்பார்கள். அது நல்ல வழக்கம்தான். அரசுக்குக் கொடுத்த கணக்கில் அந்தப் பையன்களையும் பெண்கள் அணி உறுப்பினர்களாக எண்ணினார்கள். சொந்த அம்மாவுக்கே தெரியாமல் மகன் மகளாகிவிட்டான்! குவினிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியை மூடுவதாக அறிவித்துவிட்டு, உற்சாகக் கோஷமிடும் சியர்லீடிங் குழுவை விளையாட்டு அணியாகக் காட்டியது. வாலிபால் பெண்கள் வழக்குப் போட, 2010-ல் நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்க மறுத்தது. கணக்கு எழுதும் நாளுக்கு முன் ஆண்கள் பட்டியலில் சில பெயரை எடுப்பதும், நாள் கடந்ததும் திரும்பச் சேர்ப்பதும் அதே வழக்கில் வெளியே வந்தது. எடைக்கல்லைத் திருத்துகிற கடைக்காரர் எடைபோடும் சட்டத்தைத் திட்டுவாரா, மாட்டாரா?

இனி ஸ்டான்ஃபோர்டுக்கு வருகிறேன். 2020 ஜூலையில் தன் 36 விளையாட்டுகளில் 11-ஐ மூடப்போவதாக அறிவித்தது. காரணம் டைட்டில் நைனா? அவர்களே சொன்னார்கள், பணம். ஆண்டுக்கு 12 மில்லியன் டாலருக்கு மேல் துண்டு விழும் என்றார்கள். மூடப்போகும் பட்டியலில் ஆண்கள் மல்யுத்தமும் இருந்தது, பெண்கள் ஃபீல்டு ஹாக்கியும் இருந்தது. 2021 மார்ச்சில் தேசிய மல்யுத்தப் போட்டி. ஷேன் கிரிஃபித் என்ற ஸ்டான்ஃபோர்டு வீரர் 165 பவுண்டு எடைப் பிரிவில் இறங்கினார். உடம்பில் வெறும் கறுப்பு உடை. பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை, நிறம் இல்லை, சின்னம் இல்லை. என்னை வேண்டாம் என்றவர்களின் பெயரை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னாரோ இல்லையோ, அந்தக் கறுப்பு உடை சொன்னது. இறுதிப் போட்டியில் ஜெயித்து சாம்பியன் ஆனார். இரண்டே மாதம். மே மாதம் 11 விளையாட்டுகளையும் தொடருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. இடையில் சட்டம் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பழைய மாணவர்கள் திரண்டார்கள், நன்கொடை திரட்டினார்கள், வழக்குகள் வந்தன, நிர்வாகம் மனசை மாற்றிக்கொண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணலாக இருந்திருந்தால் இரண்டு மாதத்தில் எப்படி நிமிர்ந்தது?

ஐயோவா பல்கலைக்கழகமும் அதே 2020-ல் நான்கு அணிகளை மூடியது. மூன்று ஆண்கள் அணி, ஒன்று பெண்கள் நீச்சல். பெண்கள் வழக்குப் போட்டார்கள், நீச்சல் அணி திரும்ப வந்தது, கூடவே பெண்கள் மல்யுத்த அணியும் புதிதாகப் பிறந்தது. எதிரணி அக்கா தலையை ஆட்டுகிறார், ஆண்கள் நீச்சல் திரும்பவில்லையே என்று. ஆம், திரும்பவில்லை. பெருந்தொற்றில் வருமானம் போய்விட்டது என்று சொல்லித்தான் அதை மூடினார்கள், அக்கா. அந்த அறிவிப்பில் பெண்களைக் குறைசொல்லி ஒரு வரி இல்லை. நீங்கள்தான் இப்போது சேர்க்கிறீர்கள்.

பெண்களுக்கு அதிக அணிகள், ஆண்களுக்குக் குறைவு, இது என்ன சமத்துவம் என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. ஃபுட்பாலின் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) உயர் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகம் குறைந்தது 16 அணிகள் வைத்திருக்க வேண்டும், அதில் பெண்களுக்குக் குறைந்தது 8, ஆண்களுக்குக் குறைந்தது 6. இதை எழுதியது நாடாளுமன்றம் அல்ல, பல்கலைக்கழகங்கள் தாங்களே கூடி நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம். 2020-ல் சில கான்ஃபரன்ஸ்கள், அதாவது தங்களுக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகள், இந்த 16 என்ற எண்ணிக்கையும் எங்களுக்குப் பாரம், தளர்த்துங்கள் என்று அதே சங்கத்திடம் கேட்டன. அணிகளைக் குறைக்க யார் துடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு ஏன் அணி அதிகம்? சட்டம் அணிகளை எண்ணுவதில்லை, ஆட்களை எண்ணுகிறது. ஆண்கள் பக்கம் ஒரு ஃபுட்பால் அணி வந்து உட்கார்ந்தால் பந்தியில் ஒரு வரிசையே நிறைந்துவிடும். அதற்கு எதிரே பெண்களுக்கு நான்கைந்து சின்ன அணி வைத்தால்தான் தலை எண்ணிக்கை சமமாகும். 1974-லேயே டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர், வருமானம் தரும் விளையாட்டுகளை இந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிடுங்கள் என்று கேட்டார். நடக்கவில்லை. எந்த விளையாட்டை மனதில் வைத்துக் கேட்டார் என்று டெக்சாஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே டெக்சாஸில், 2023-ல் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை 75 மில்லியன் டாலருக்கும் மேல். வேலை செய்வதற்கு அல்ல, செய்யாமல் இருப்பதற்கு! ஸ்டான்ஃபோர்டு 11 விளையாட்டுகளை மூடச் சொன்ன காரணம் ஆண்டுக்கு 12 மில்லியன்.

இப்போது இன்னொரு மாற்றம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசப்படி, பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருடம் 20.5 மில்லியன் டாலர் வரை. அந்தச் செலவு வரப்போகிறது என்று சொல்லி, கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் தன் நீச்சல் அணிகளை அந்த வருடமே மூடியது. ஆண்கள் அணி, பெண்கள் அணி, இரண்டையும். பழி போட இந்தத் தடவை டைட்டில் நைன் கையில் கிடைக்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு கணக்கு. அந்தச் சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஃபுட்பால் அணிக்கு உச்ச வரம்பு 105 பேர். களத்தில் ஒரு நேரத்தில் ஆடுவது 11 பேர். காசுக்கு ஆடும் தேசிய ஃபுட்பால் லீக்கில் ஒரு அணிக்கு 53 பேர், பயிற்சிக்கென்று தனியாக வைத்திருப்பவர்களையும் சேர்த்தால் 70-க்குள் முடிந்துவிடும். அவர்கள் காயம்பட்டால் வெளியே ஆள் பிடிப்பார்கள், கல்லூரி பிடிக்க முடியாது என்பீர்கள். சரி, அதற்காக இன்னும் 10 பேர் சேர்த்து 80 என்றே வையுங்கள். மீதி 25 பேர். கல்லூரி மல்யுத்தத்தில் எடைப் பிரிவு 10, ஒரு மோதலுக்கு இறங்குவது 10 பேர்தான். அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா, அந்த 25 பேரும் சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். வணக்கம்.