அமாவாசை ராத்திரி ஹெகாட்டேவுக்கு வைக்கிற சாப்பாடு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஹெகாட்டேன்னு ஒரு பழைய கிரேக்க தெய்வம், அந்தம்மாவை இப்ப ஆன்லைன்ல ஒண்ணு சேர்ந்து மறுபடியும் கும்பிட ஆரம்பிச்சிருக்காங்க, அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ்னு பல நாட்டு ஆளுங்க. இப்படிக் கும்பிடறவங்களைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

ஹெகாட்டேன்னா சூனியக்கார கிழவின்னுதான் நெறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. ஆனா கி.மு. 700 வாக்குல ஹெசியட்ங்கிற கிரேக்கக் கவிஞர் பாடினதைப் படிச்சுப் பாருங்க, பூமி, கடல், வானம் மூணுலயும் அவளுக்குப் பங்கு இருக்கு, சாமிங்களுக்கெல்லாம் ராஜாவான ஜீயஸே மத்த எல்லாரையும்விட அவளுக்குத்தான் மரியாதை கொடுத்தாராம், மீன் பிடிக்கப் போறவனுக்கு அள்ளிக் கொடுக்கறதும் அவதான், மனசு வெச்சா கண்ணுக்குத் தெரிஞ்ச மீனைக்கூட இல்லாம பண்றதும் அவதான். விளைச்சலுக்கான தெய்வம் டிமீட்டர் தன் மகளைக் காணாம 9 நாள் அலைஞ்சு திரியறப்போ, 10-வது நாள் கையில வெளிச்சத்தோட எதிர்ல வந்து, பொண்ணு கத்தின சத்தம் கேட்டுச்சு, தூக்கிட்டுப் போனது யாருன்னு பாக்கலைன்னு சொல்றதும் இவதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது, மத்த சாமிங்க வாயே திறக்காதப்போ தேடி வந்து சொன்னவ அவ.

இன்னைக்குத் துருக்கியில இருக்கிற லாகினாவுல அவளுக்குப் பெரிய கோயில் இருந்துச்சு, பக்கத்துல ஸ்ட்ராடோனிகேயான்னு ஊரு, கோயில் சாவியை ஊர்வலமா எடுத்துட்டுப் போற திருவிழாவே நடந்திருக்கு. 4-ம் நூற்றாண்டு கடைசியில ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாட்டையெல்லாம் தடை பண்ணிட்டார். அப்புறம் பூசாரி பரம்பரையும் இல்ல, கத்துக்கொடுக்க ஆளும் இல்ல.

அதனால இப்ப கும்பிடறவங்க கையில இருக்கறது பழைய பாட்டு, நாடகம், கல்வெட்டு, சிலை இவ்வளவுதான், அதைத் தோண்டித் தோண்டிப் படிக்கிறாங்க. யாராவது வந்து ஹெகாட்டே இப்படித்தான்னு சொன்னா உடனே ஆதாரம் எங்கன்னு கேட்பாங்க. பொண்ணு, அம்மா, கிழவின்னு மூணு முகம்னு ஒருத்தர் சொன்னா, இன்னொருத்தர் பழைய சிலையோட போட்டோவைப் போடுவார், மூணுமே இளம்பெண்தான், கிழவி கதை 20-ம் நூற்றாண்டுல பரவினது. அதே நேரம் கனவுல வந்தா, தியானத்துல தோணுச்சுன்னா அதையும் யாரும் தூக்கிப் போடறதில்ல, அதுக்கு யூ.பி.ஜி.ன்னு (Unverified Personal Gnosis) பேர் வெச்சிருக்காங்க, அதாவது இது என் சொந்த அனுபவம், பழைய நூல்ல இருக்குன்னு நான் சொல்லலைன்னு முதல்லயே சொல்லிடணும். பக்தி இருக்கிற இடத்துல இந்த நேர்மை இருக்கறது பெரிய விஷயம்னு நான் மனசார நம்பறேன்.

இவங்க மாசா மாசம் விடாம செய்யறது டெய்ப்னான், அப்படின்னா ராத்திரி சாப்பாடு. அமாவாசை அன்னைக்கு வீட்டைப் பெருக்கி, பூஜை இடத்துல இருக்கிற பழசையெல்லாம் எடுத்துட்டு, ரொட்டி, முட்டை, பூண்டு, தேன்னு ஒரு தட்டுல எடுத்துட்டுப் போய் முச்சந்தியில வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும், நம்ம ஊர்ல கழிப்பு கழிச்சுட்டு வர்ற மாதிரியேதான். மறுநாள் நூமேனியா, புது மாசம் தொடங்குது. ஹாஸ்டல்ல இருக்கிற பசங்களுக்கு நெருப்பு கொளுத்த அனுமதி இல்லன்னா பேட்டரி மெழுகுவர்த்தி வெச்சுக்கறாங்க, அதுவே போதும்னு பெரியவங்க தைரியம் சொல்றாங்க.

நகரத்துல முச்சந்தியில சாப்பாட்டை வெச்சா நாய் பூனைக்கு ஆகாது, குப்பையும் ஆகும், அப்ப என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு பாருங்க, அதுக்கு பதில் கி.மு. 388-ல அரிஸ்டோஃபனீஸ் போட்ட நாடகத்துலயே இருக்கு. பணக்காரங்க மாசா மாசம் ஹெகாட்டேவுக்கு சாப்பாடு அனுப்பறாங்க, கீழ வைக்கறதுக்குள்ள ஏழைங்க எடுத்துட்டுப் போயிடறாங்கன்னு அதுல ஒரு பேச்சு வருது. அதைப் பிடிச்சுக்கிட்டு இப்ப பல பேர் அமாவாசை அன்னைக்கு அவ பேரைச் சொல்லி பக்கத்துல இல்லாதவங்களுக்கு இலவசமா சாப்பாட்டுப் பொருள் கொடுக்கிற ஃபுட் பேங்க்குக்கு அரிசியோ டின் சாப்பாடோ கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றாங்க.