முதலில் கழிவுநீர், கடைசியில் கட்டில்

வணக்கம் நேயர்களே.

சென்ற மாதம் ஒரு தம்பி தன் மனைவியோடு எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வானைக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்சல் விநியோகத்தில் சில வருடங்கள் ஓடிய ராம் புரோமாஸ்ரர். உள்ளே தகரமும் தரையும் மட்டும்தான். கோடை வருவதற்குள் அதில் சமைத்து, குளித்து, நாலு நாள் தங்கி வரக்கூடிய மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. தம்பி கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, கட்டிலை எங்கே வைக்கலாம்?"

"கட்டிலைக் கடைசியில் பார்ப்போம். குசினியில் கை கழுவின தண்ணீர் எங்கே போகப்போகுது?" என்று கேட்டேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். அப்படிப் பார்த்ததே நல்ல தொடக்கம்.

இன்று நான் பேச வந்ததும் இதைப் பற்றித்தான். நான் இதுவரை இரண்டு வான்களை இப்படி மாற்றியிருக்கிறேன். ஒரு வீட்டில் சுவருக்குள்ளும் தரைக்குக் கீழும் மறைந்திருக்கிற தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், சூடு எல்லாம் வானுக்குள் ஏறத்தாழ 6 சதுர மீற்றர் இடத்தில் எங்களோடு சேர்ந்து இருக்க வேண்டும். அவற்றின் இடங்களை முடிவுசெய்யாமல் பலகை வெட்டத் தொடங்கினால், பிறகு அந்தப் பலகையைத்தான் கழற்ற வேண்டி வரும்.

கழிவுநீரில் ஏன் தொடங்குகிறேன்? நல்ல தண்ணீரைப் பம்ப் தள்ளும். தாங்கி எங்கே இருந்தாலும் குழாய்க்கு வந்துவிடும். மின்சாரம் வயர் போகிற இடமெல்லாம் போகும். கழிவுநீர் கீழ்நோக்கி மட்டும்தான் போகும். ஒரு மீற்றருக்கு 2 சென்றிமீற்றர் சரிவாவது பைப்புக்குக் கிடைக்க வேண்டும். குசினித் தொட்டி இடுப்பு உயரத்தில் இருப்பதால், அதற்குக் கீழேயே ஒரு சிறிய கானை, அதாவது கையால் தூக்கக்கூடிய கலனை, வைத்துச் சமாளிக்கலாம். குளிக்கிற தட்டு அப்படியல்ல, அது தரையோடு தரையாக இருக்கும். அதிலிருந்து தண்ணீர் தானாக இறங்க வேண்டுமென்றால் தாங்கி வானின் அடியில், வெளியேதான் தொங்க வேண்டும்.

அடியில் எங்கே இடம் இருக்கிறது என்பதை வானைச் செய்தவர்கள் எப்போதோ முடிவுசெய்துவிட்டார்கள். எரிபொருள் தாங்கி, சைலென்சர், பிறேக் பைப், மேலதிக சில்லு எல்லாம் போக மிஞ்சுகிற இடம்தான் எங்களுக்கு. புரோமாஸ்ரர் முன்சில்லுகளால் இழுபடுகிற வாகனம். பின்அச்சுக்குப் போகும் நீளத் தண்டு நடுவில் கிடையாது என்பதால் கொஞ்சம் தாராளம். எப்படியிருந்தாலும் அடியில் படுத்துப் பார்க்காமல் தெரியாது.

நானும் தம்பியும் அப்படித்தான் செய்தோம். நான் பழைய கம்பளம் ஒன்றை விரித்துக் கீழே படுத்துக்கொண்டேன். சாமான் கட்டுகிற வளையங்களின் ஆணிகள் தரைக்கு மேலேயும் தெரியும், கீழேயும் தெரியும். அவற்றை அடையாளமாக வைத்துத்தான் அளக்க வேண்டும். அவர் உள்ளே நின்று சுத்தியல் பிடியால் தரையைத் தட்டுவார், நான் கீழேயிருந்து சோக்கால் வட்டம் போடுவேன். குளிக்கிற இடம் என்று அவர்கள் நினைத்து வைத்திருந்த மூலையில் தட்டியபோது சத்தம் எரிபொருள் தாங்கிக்கு நேர் மேலே கேட்டது. அன்றே குளிக்கிற தட்டு இடம் மாறியது. அதனால் குசினியும் மாறியது. ஒரு பலகைகூட வெட்டவில்லை, அதனால் ஒரு சதமும் நட்டமில்லை.

அடுத்தது பாரம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லீற்றர் தாங்கி நிரம்பினால், எந்த நேரமும் ஓட்டத்தில் இருக்கிற 100 கிலோ. அதைப் பின்கதவோடு ஒட்டி வைக்கலாம், இடம் நன்றாக இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். அந்த வானின் முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே ஏறக்குறைய 4 மீற்றர். தாங்கி பின்அச்சிலிருந்து 80 சென்றிமீற்றர் பின்னால் இருந்தால் பின்அச்சில் ஏறுவது 120 கிலோ. முன்அச்சிலிருந்து 20 கிலோ குறைந்துவிடும். ஸ்ரியரிங்கும் இழுவையும் முன்சில்லில் இருக்கிற வாகனத்தில், பனி விழுந்த ஏற்றத்தில், அந்த 20 கிலோவின் அருமை தெரியும். ஆகவே தாங்கி பின்சில்லு மேட்டுக்கு மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ இருக்கட்டும். பற்றரி, பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேற்றர் எல்லாம் எதிர்ப்பக்கத்துச் சில்லு மேட்டில் இருந்தால் இடமும் வலமும் ஓரளவு ஒத்துப்போகும். தண்ணீர் ஒரு பக்கம், மின்சாரம் மறுபக்கம் என்று தானாகவே பிரிந்தும் விடும். குசினித் தொட்டிக்குக் கீழே இன்வேற்றர் வைத்த ஒரு வானைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

இனி குளிர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் வானில் நான் பட்டது இதில்தான்.

அந்த வானில் பம்ப், வடிகட்டி, பற்றரி மூன்றையும் கட்டிலுக்குக் கீழே, பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். எரிபொருளை எரித்துச் சூடு தருகிற ஹீற்றர் முன்சீற்றுக்குக் கீழே. ஒக்ரோபர் கடைசியில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிற அல்கோன்குயின் பூங்காப் பக்கம் போய்த் தங்கினோம். இரவு நன்றாகக் குளிர்ந்தது. நாங்கள் படுத்திருந்த இடம் இதமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டில் பலகைக்குக் கீழே சூடு போகவில்லை. பின்கதவுத் தகரம் வெளிக்குளிரை அப்படியே உள்ளே கொண்டுவந்தது. காலையில் குழாயைத் திறந்தால் பம்ப் முனகியது, தண்ணீர் வரவில்லை. வெயில் நன்றாக எறித்தது, ஆனால் பற்றரி சார்ஜ் ஏறவில்லை. மத்தியானம் போல உறைந்தது இளகியபோதுதான் வடிகட்டியின் பிளாஸ்ரிக் கிண்ணம் வெடித்திருந்தது தெரிந்தது. தரைப் பலகைக்குக் கீழே தண்ணீர் போய்விட்டது. அந்தக் கிண்ணத்தைத் தொடுவதற்கு மெத்தையைத் தூக்கி, பலகையின் 14 திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. மனைவி டோர்ச் பிடிக்க, விறைத்த விரலால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது; பிளாஸ்ரிக் அதைத் தாங்காது. பற்றரியின் கதை வேறு. இப்போது பெரும்பாலும் பாவிக்கிற லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியைச் சுழியம் பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது. பண்ணினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து பற்றரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதனால் அதற்குள் இருக்கிற பாதுகாப்பு மின்சுற்று சார்ஜை நிறுத்திவிடுகிறது. என் பற்றரியில் நடந்தது அதுதான். அது பழுதாகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. இடம்தான் பிழை. ஒன்ராறியோவில் வான் செய்கிறவர்கள் பற்றரியையும் பம்ப்பையும் ஆட்கள் படுக்கிற அதே சூட்டுக்குள் வைக்க வேண்டும். ஹீற்றரின் காற்றுக் குழாயில் ஒரு சின்னக் கிளை பிரித்துத் தாங்கிப் பக்கம் விட்டால் இன்னும் நல்லது. அடியில் தொங்குகிற கழிவுநீர்த் தாங்கியைக் குளிர்காலத்தில் நாங்கள் பாவிப்பதே இல்லை. தொட்டிக்குக் கீழே ஒரு 20 லீற்றர் கான், அவ்வளவுதான்.

சரி, மின்சாரம். இங்கே தூரம்தான் பெரிய விசயம். 12 வோல்ற் பற்றரியிலிருந்து 2000 வாற் இன்வேற்றர் முழுவேகத்தில் ஓடினால் வயரில் 170 அம்பியருக்கு மேல் ஓடும். வீட்டுச் சுவரில் இருக்கிற சாதாரண பிளக் 15 அம்பியருக்கு ஆனது; அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றரி பின்னாலும் இன்வேற்றர் 5 மீற்றர் தள்ளி முன்னாலும் இருந்தால், போகவும் வரவும் 10 மீற்றர் வயர். 70 சதுர மில்லிமீற்றர் தடித்த செப்பு வயர் போட்டாலும் 0.4 வோல்றுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஏறக்குறைய 80 வாற் வெறும் சூடாகிப் பலகைக்குள் போகும். இரண்டையும் ஒரு மீற்றருக்குள் வைத்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். இன்வேற்றரிலிருந்து வெளியே போகிற 120 வோல்ற் வயர் மெல்லியது, அதை எவ்வளவு நீளமாகவும் கொண்டுபோகலாம். ஆகவே பற்றரி, பியூஸ், இன்வேற்றர், சோலார் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் ஒரே அலுமாரிக்குள், காற்றோட்டத்தோடு இருக்கட்டும். முதல் பியூஸ் பற்றரியின் நேர்முனைக்கு எவ்வளவு கிட்டப் போட முடியுமோ அவ்வளவு கிட்ட. பியூஸுக்கும் பற்றரிக்கும் இடையில் இருக்கிற வயருக்குக் காவல் யாரும் இல்லை.

ஹீற்றரைப் பெரும்பாலும் பயணி சீற்றுக்குக் கீழே வைக்கிறார்கள், நானும் அங்கேதான் வைக்கிறேன். அங்கே தரையைத் துளைத்தால் புகைக்குழாய் நேரே வெளியே போகும். புகை போய் முடிகிற இடத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அது வானின் ஓரம் வரை நீண்டிருக்க வேண்டும். இழுவைக் கதவுக்குக் கீழேயோ திறக்கிற யன்னலுக்குக் கீழேயோ முடியக்கூடாது. வெளித் தாங்கியின் பிளாஸ்ரிக்குக்குப் பக்கத்திலும் வேண்டாம். இரவில் ஸ்னோ கொட்டினால் எழும்பிப் போய் அந்த வாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் புகையில் இருக்கக்கூடிய, உயிரைப் பறிக்கிற கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமில்லை. அதைச் சொல்லுகிற அலாரம் ஒன்று படுக்கைக்குக் கிட்ட இல்லாமல் எந்த வானிலும் ஒரு இரவுகூடப் படுக்காதீர்கள். இதில் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

சமையலுக்குப் பாவிக்கிற புரோப்பேன் வாயு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் வைப்பதில்லை. இன்டக்சன் அடுப்பு எனக்குப் போதும். வைக்கிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம். கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டருக்கு உட்பக்கம் முழுதும் அடைத்த தனிப்பெட்டி வேண்டும், அதன் அடித்தட்டில் வெளியே திறக்கிற துளையும் வேண்டும். கசிவு அலாரம் கணுக்கால் உயரத்தில் இருக்க வேண்டும். பைப் வேலையை உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

கூரையில் காற்றாடியும் சோலார் தகடும் இடத்துக்குச் சண்டை பிடிக்கும். காற்றாடிக்கு 14 அங்குலச் சதுரத் துளை போதும், ஆனால் கூரையின் குறுக்குச் சட்டத்தை வெட்டக்கூடாது; ஆகவே இரண்டு சட்டங்களுக்கு நடுவில்தான் இடம். அதன் மூடி திறந்து நிற்கும்போது விழுகிற நிழலைத் தம்பிக்குக் காட்ட ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கூரையில் வைத்தோம். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே அதன் உற்பத்தி வெகுவாகக் குறையும். ரொறன்ரோவில் டிசம்பர் நடுப்பகலில் சூரியன் அடிவானிலிருந்து 23 பாகை உயரத்தில்தான் நிற்கும், அப்போது சின்னப் பெட்டிக்கும் நீளமான நிழல் உண்டு. படுத்துக் கிடக்கிற தகட்டில் விழுகிற நேர்வெயிலும் பாதிக்குக் குறைவு. குளிர்காலத்தில் சோலாரை நம்பாமல், வான் ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏறுகிற ஏற்பாட்டையும் செய்யுங்கள்.

அப்புறம் மட்டைப் பெட்டிகள். எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன் தாங்கி, பற்றரி, ஹீற்றர், குளிர்சாதனப்பெட்டி ஒவ்வொன்றின் அளவிலும் மட்டையை வெட்டி ஒட்டி, வானுக்குள் வைத்துப் பாருங்கள். தம்பியின் மனைவி ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்பு மையால் பேரும் பாரமும் எழுதினார். "தண்ணீர் 100", "பற்றரி 24". பிறகு ஒரு பழைய கட்டில் விரிப்பைக் கயிற்றில் கட்டி, இதுதான் அலுமாரிக் கதவு என்று வைத்துக்கொண்டோம். வெளிச்சத்தை அணைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தோம். தண்ணீர் மூடுகிற வால்வு எங்கே? பெரிய பியூஸ் எங்கே? வடிகட்டிக் கிண்ணத்தைத் திருப்ப விரல் மடங்குகிறதா? நான் 14 திருகாணி கழற்றிய அந்தக் காலைக்குப் பிறகு, இந்தச் சோதனையில் கை எட்டாத எதையும் நான் அந்த இடத்தில் விடுவதில்லை.

வால்வுக்குத் தம்பியின் கை எட்டியது, மனைவியின் கை எட்டவில்லை. தாங்கிப் பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்தோம். அப்போது கட்டிலின் கால்மாடு இடித்தது. "அப்ப கட்டிலை உயர்த்துவம்" என்றார் தம்பியின் மனைவி. 12 சென்றிமீற்றர் உயர்த்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டார். கட்டிலுக்கு இடம் கிடைத்தது அப்போதுதான்.

வருகிற சனிக்கிழமை தரையில் முதல் துளை போடுகிறோம்.

நன்றி, வணக்கம்.