11 கேபி கோப்பில் என் 43 பாட்காஸ்ட்டுகள்

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையத்து மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். "ஏன் எழுதி வைத்துப் படிக்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு காணொளியிலும் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்றும் எழுதித்தான் வைத்திருக்கிறேன், கோபமாக இருக்கும்போது எழுதாமல் பேசினால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

கோபத்துக்குக் காரணம், பாட்காஸ்ட் என்னும் இணைய ஒலிநிகழ்ச்சிகளைக் கேட்க நான் ஐந்து ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த செயலி. பெயர் சொல்லப்போவதில்லை. கடந்த வியாழக்கிழமை காலை ஈரோட்டுப் பேருந்தில் ஏறி, வழக்கம்போல் ஜன்னலோரம் உட்கார்ந்து செயலியைத் திறந்தால், இரவோடு இரவாக அது புதுச்சட்டை போட்டுக்கொண்டிருந்தது. நான் சேர்த்து வைத்த நிகழ்ச்சிகளின் பட்டியல் மூன்றாவது பக்கத்துக்குப் போய்விட்டது. முதல் பக்கம் முழுக்க, யாரோ இருவர் ஒலிவாங்கியைக் கடித்துவிடுவதுபோல் நெருங்கி உட்கார்ந்து சிரிக்கும் துண்டுக் காணொளிகள், தொடாமலேயே ஓடிக்கொண்டிருந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பதிவிறக்கி வைத்ததைக் கேட்க வேண்டுமானால் இனி மாதம் 149 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தைய இரவு வீட்டு வைஃபையில் நானே இறக்கி வைத்த கோப்பு. என் போனின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கோப்பு. அதைத் திறக்க எனக்கே வாடகை.

149 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பீர்கள். பேருந்து கவுந்தப்பாடியைத் தாண்டும்வரை நான் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கு 1,788 ரூபாய். அதே கவுந்தப்பாடியில் அம்மாவுக்கு நாட்டுச் சர்க்கரை வாங்கினால் எத்தனை மாதம் வரும் என்று கணக்குப் போட்டேன். ஈரோடு மணிக்கூண்டுப் பக்கத்தில் 250 ரூபாய் சொன்ன கம்பி இயர்போனை 180 ரூபாய்க்குப் பேசி வாங்கினேனே, அதுபோல் எத்தனை வாங்கலாம் என்றும் போட்டேன். ஒன்பது வாங்கிய பிறகும் கையில் 168 ரூபாய் மிஞ்சுகிறது. சிவப்பு நிற இயர்போனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அதன் வலது பக்கம் செத்துவிட்டது. இது கறுப்பு. இன்னும் பழகவில்லை.

பணத்தைவிட எனக்கு ஆற்றாமையாக இருந்தது வேறொன்று. அந்த நிகழ்ச்சிகள் எவையும் அந்தச் செயலிக்காரர்கள் உருவாக்கியவை அல்ல. பாட்காஸ்ட் என்பதே ஆர்எஸ்எஸ் ஓடையில் வருவது. (அரசியல் அமைப்பைச் சொல்லவில்லை, போன முறை இந்தச் சொல்லை எடுத்ததற்குக் கருத்துப் பெட்டியில் இரண்டு நாள் சண்டை நடந்தது.) நிகழ்ச்சி நடத்துபவர் தம் தளத்தில் ஓர் எளிய உரைக்கோப்பை வைத்திருப்பார், அதில் ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் ஒலிக்கோப்பு இருக்கும் முகவரியும் இருக்கும், எந்தச் செயலி வேண்டுமானாலும் அந்தக் கோப்பைப் படித்து, புதிதாக வந்ததை எடுத்துவந்து நம்மிடம் கொடுக்கலாம். டேவ் வைனர் என்னும் மென்பொருளாளர் ஆர்எஸ்எஸ்ஸில் ஒலிக்கோப்பை இணைக்க வழிசெய்ததும், எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி அதைப் பரப்பியதும், பென் ஹாமர்ஸ்லி 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லைப் போட்டுப் பார்த்ததும், ஆப்பிள் 2005 ஜூனில் ஐட்யூன்ஸுக்குள் அதைச் சேர்த்ததும் பழைய கதை. ஓடை பொதுவாக இருக்கிறது, செயலி அதிலிருந்து மொண்டுவரும் குடம் மட்டுமே. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இன்றுவரை எதுவும் மாறவில்லை. ஆகவே, ஓர் இடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று பூட்டி வைத்த நிகழ்ச்சியை யார் எவ்வளவு புகழ்ந்தாலும் நான் பாட்காஸ்ட் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு தோழிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, என் பட்டியலை வெளியே எடுக்கும் வழியைத் தேடினேன். 2018இல் வந்த கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டபோது, ஓபிஎம்எல் என்னும் கோப்பாகப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். அந்தப் பெயர் மட்டும் நினைவில் இருந்தது. செயலியின் அமைப்புகளில் நாற்பது நிமிடம் துழாவினேன். கடைசியில் 'தனியுரிமை' என்ற தலைப்புக்குக் கீழே, அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில் சாம்பல் எழுத்தாக 'ஏற்றுமதி' என்று ஒளிந்துகொண்டிருந்தது. தொட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. 43 நிகழ்ச்சிகள், 11 கேபி. அம்மா காலையில் அனுப்பும் பூப்படங்களில் ஒன்றுகூட இதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தக் கோப்பை மின்னஞ்சலில் ஒரு படி, பென் டிரைவில் ஒரு படி, அண்ணனுக்கு வாட்ஸாப்பில் ஒரு படி என்று மூன்று இடத்தில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

இப்போது ஆண்டெனாபாட் என்ற செயலிக்கு மாறிவிட்டேன். இலவசம், கட்டற்ற மென்பொருள், கணக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்பதில்லை. கோப்பைக் கொடுத்ததும் 43 நிகழ்ச்சிகளும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியே வேகம் வைக்கலாம். தொடக்கத்தில் இத்தனை நொடியைத் தாண்டு என்று சொல்லி வைக்கலாம். வைஃபையில் மட்டும் இறக்கு என்று கட்டுப்படுத்தலாம். தொடக்க இசையைத் தாண்டும் வசதிக்காகவே அதை எழுதியவர்களுக்கு ஒரு படி இளநீர் வாங்கிக் கொடுப்பேன்.

வேகம் என்றதும் நினைவு வருகிறது. இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. என் வேகம் 1.1. அதற்கு மேல் போனால் பேசுபவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்காது.

சரி, என்ன கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ஈரோட்டில் ஜவுளிச் சந்தை; நான் கணக்கு எழுதும் கடையில் அன்று நிற்க நேரம் இருக்காது, காதில் எதையும் மாட்டவும் முடியாது. ஆனால் கலிபோர்னியாவில் செவ்வாய் மதியம் பதிவாகும் கணினிப் பாதுகாப்பு நிகழ்ச்சியான 'செக்யூரிட்டி நவ்' நமக்குப் புதன்கிழமை கிடைத்துவிடும் என்பதால், சந்தை முடிந்த அலுப்புக்கு அதுதான் என் மருந்து. ஸ்டீவ் கிப்சனும் லியோ லபோர்ட்டும் 2005 ஆகஸ்டில் தொடங்கியது. முதல் பகுதி இருபது நிமிடம்கூட இல்லை, இப்போது இரண்டு மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. 999ஆம் பகுதியோடு நிறுத்திவிடுவதாகக் கிப்சன் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மனம் மாறி, 2024 நவம்பரில் ஆயிரத்தைத் தொட்டார். அவர் விற்கும் ஸ்பின்ரைட் மென்பொருளைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் நான் பையில் டிபன் டப்பாவைச் சரிசெய்வேன். மற்றபடி, ஒரு பாதுகாப்பு ஓட்டை எப்படி உண்டாகிறது என்பதைக் கரும்பலகையே இல்லாமல் காது வழியாகப் புரியவைக்கும் ஆசிரியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த நிகழ்ச்சியை நான் கும்பிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நொடிக்கு 64 கிலோபிட் ஒலியில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 29 எம்பி ஆகும். கிப்சனின் தளத்தில் 16 கிலோபிட் அளவிலும் ஒரு படி கிடைக்கும். ஒரு மணி நேரம் 7 எம்பிதான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தாலும் ஒரு சொல்கூடத் தவறாது. போதாததற்கு, பேசியது முழுவதையும் எழுத்தாகவும் போட்டு வைக்கிறார்கள். எனக்கு அமெரிக்கப் பேச்சு புரியாத நாட்களில் அதை வரி வரியாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

'டார்க்நெட் டைரீஸ்' பற்றி முன்பே ஒரு காணொளி போட்டிருக்கிறேன், சத்தியமங்கலம் வரை போனேனே, அந்தக் காணொளி. புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணினி ஊடுருவல்களின் உண்மைக் கதைகளைச் சொல்ல ஜாக் ரைசைடர் 2017இலிருந்து நடத்தும் நிகழ்ச்சி அது. அதன் 29ஆம் பகுதி ஸ்டக்ஸ்நெட் என்னும் கணினி நச்சுநிரல் பற்றியது. ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் கருவிகளின் வேகத்தை அந்த நச்சுநிரல் மாற்றிக்கொண்டே, கண்காணிப்பவர்களின் திரையில் எல்லாம் சரியாக ஓடுவதுபோல் காட்டியது என்னும் இடத்தை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாலைப் பேருந்து கோபியைத் தாண்டிவிட்டது. "கோபி தாண்டி வெகுநேரமாச்சுங்க அம்மிணி, சத்திக்கு டிக்கெட் எடுத்துக்கோங்க" என்று நடத்துநர் சொன்ன பிறகுதான் இந்த உலகத்துக்கு வந்தேன். அன்று சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பெருந்துறை சிப்காட்டில் மின்பராமரிப்பு பார்க்கும் என் அண்ணனிடம், அந்த நிரல் பென் டிரைவ் வழியாகவும் பரவி, இயந்திரத்தை ஓட்டும் பிஎல்சி பெட்டிவரை போனது என்று சொன்னபோது, அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நம்ம மில்லுலயும் பென் டிரைவுலதான கண்ணு புரோகிராம் ஏத்தறோம்" என்றான். மறுநாள் அவன் மேலாளரிடம் பேசி, அதற்கென்று தனியாக ஒரு பென் டிரைவ் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டான். பாட்காஸ்ட் கேட்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று அம்மா சொல்கிறார்.

'ஆக்சிடென்டல் டெக் பாட்காஸ்ட்' வெள்ளிக்கிழமைக்கு. ஆப்பிள் பொருள் ஒன்றுகூட என் வீட்டில் இல்லை. ஆனாலும் மார்கோ ஆர்மென்ட், கேசி லிஸ், ஜான் சிராகூசா மூவரும் அடித்துக்கொள்வதைக் கேட்காமல் என் வாரம் முடியாது. கார்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்தியவர்கள், அதன் பதிவு முடிந்த பிறகு கணினி பற்றிப் பேசிய பேச்சே 2013இல் தனி நிகழ்ச்சியாகிவிட்டது. பெயரிலேயே விபத்து இருக்கிறது.

ஆனால் இப்போதைக்கு என் மனத்துக்கு மிக நெருக்கமானது 'அக்வயர்டு'. பென் கில்பர்ட், டேவிட் ரோசென்தால் இருவரும் 2015இல் தொடங்கியது. ஒரே நிறுவனத்தின் வரலாற்றை மூன்று, நான்கு மணி நேரம் பேசுவார்கள். தைவானின் டிஎஸ்எம்சி பற்றிய பகுதியைக் கேட்டபோது எனக்குத் திருப்பூர் கண்முன் நின்றது. மோரிஸ் சாங் 1987இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது, சிப் வடிவமைப்பவரே ஆலையும் வைத்திருப்பதுதான் பொது வழக்கம். அவரோ, தம் பெயரில் ஒரு சிப்கூட விற்காமல், பிறர் வடிவமைத்ததை உற்பத்தி மட்டும் செய்து கொடுப்பதையே தொழிலாக்கினார். நம்மூரில் இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர். துணியில் தங்கள் முத்திரை எங்கும் இருக்காது. வாடிக்கையாளரோடு போட்டிக்கு வராதவர் என்ற நம்பிக்கை இருந்தால்தான் எல்லோரும் நம் வாசலுக்கு வருவார்கள் என்பதை, எங்கள் கடைக்குச் சரக்கு அனுப்பும் சாயப்பட்டறைக்காரர் டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஆப்பிளும் என்விடியாவும் ஒரே ஆலையின் வாசலில் வரிசையில் நிற்பதற்கும் அதே காரணம்தான். இதைத் தமிழில் இப்படி மூன்று மணி நேரம் உட்கார்ந்து யாராவது பேசினால், நான் அந்த 149 ரூபாயை மகிழ்ச்சியாகக் கொடுப்பேன். நமக்குக் கிடைப்பதெல்லாம் புதுப் போனின் பெட்டியைப் பிரிப்பதுதான்.

ஒன்றை மறந்துவிட்டேன், இயர்போன் பேச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். பேருந்தில் நான் ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவேன். ஒரு நிகழ்ச்சியில் தொகுப்பாளர் ஒருவரை இடது பக்கத்திலும் மற்றவரை வலது பக்கத்திலும் பிரித்து வைத்திருந்தார்கள்; இரண்டு வாரமாக, இந்த மனிதர் ஏன் தனக்குத் தானே சிரித்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஒலி' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் இருவரும் ஒரே காதுக்கு வந்துவிடுவார்கள்.

இந்த மாற்றத்தில் ஒரு நட்டமும் உண்டு. ஓபிஎம்எல் கோப்பு நிகழ்ச்சிகளின் முகவரியை மட்டுமே சுமந்துவரும். எதைக் கேட்டு முடித்தோம், எதை எங்கே நிறுத்தினோம் என்பது வராது. மூன்றரை மணி நேர 'அக்வயர்டு' பகுதி ஒன்றைப் பாதியில் விட்டிருந்தேன். எந்த நிமிடம் என்று தெரியவில்லை. ஆனால் புதன்கிழமை அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பேருந்து சித்தோட்டில் நின்றதும், மல்லிகைப்பூக் கூடையோடு ஓர் அக்கா ஏறி என் காலை மிதித்ததும், அப்போது காதில் கடன் பத்திரம் பற்றி ஏதோ ஓடியதும் நினைவிருந்தது. நேற்று இரவு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் 46ஆவது நிமிடத்தில் கடன் பத்திரம் வந்தது, எனக்குக் காலும் வலித்தது. நாளைக் காலை 7.40 பேருந்தில் அங்கிருந்து கேட்கிறேன்.